ஐந்தருவியைக் கம்ப்யூட்டருக்குள் இறக்கிய கதை

மின்சாரப் பாடம் நடத்துகிறவனுக்கு மின்சாரம் தெரியும் என்று நம்புவது, நீச்சல் குளத்தில் டிக்கெட் கிழிக்கிறவருக்கு நீச்சல் தெரியும் என்று நம்புவதைப் போன்றது. தெரிந்திருக்கலாம். ஆனால் அவரை நம்பி ஆழமான பக்கத்தில் இறங்கிவிடக் கூடாது.

நான் டிக்கெட் கிழிக்கிற ஆள். செங்கோட்டைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் பதினோரு வருஷமாகப் பன்னிரண்டாம் வகுப்புக்கு இயற்பியல் நடத்துகிறேன். ஒரு ஒயரிலிருந்து நாலு கிளை பிரித்தால் நாலு கிளையும் இழுக்கிற மின்னோட்டத்தை அந்த ஒற்றை ஒயர்தான் சுமக்க வேண்டும் என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். (தூக்கத்தில் கேட்டால்தான் சரியாகச் சொல்வேன், விழித்திருக்கும்போது சந்தேகம் என்பது என் மனைவியின் கருத்து.)

மனைவி பெயர் உலகம்மாள். தென்காசியில் பிறந்த பெண்ணுக்கு அங்குள்ள அம்மன் பெயரை வைத்ததில் புதுமை ஒன்றுமில்லை. வீட்டில் உலகு. கல்யாண வீடியோக்களைத் தொகுப்பது அவள் தொழில். மேலகரத்தில் எங்கள் வீட்டு முன்னறைதான் ஆபீஸ். படம் பிடிப்பது அவள் சிநேகிதி ஜெபா. ஜெபா ஆறு மணி நேரப் படமாக எடுத்துக்கொண்டு வருவதை உலகு பன்னிரண்டு நிமிஷமாகச் சுருக்குவாள். அதில் பந்தியில் பாயசத்துக்கு நடந்த தகராறு இருக்காது. மாப்பிள்ளையின் சித்தப்பா கோபித்துக்கொண்டு வாசல் வரை போனது இருக்காது. பார்க்கிற இரண்டு வீட்டாரும், "நம்ம வீட்டுக் கல்யாணம் இவ்வளவு நல்லாவா நடந்துச்சு?" என்று சந்தேகப்படுவார்கள். எந்த இடத்தில் வெட்ட வேண்டும் என்பது அவளுக்கு எப்படித் தெரிகிறது என்று நானும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். தெரியவில்லை. மணப்பெண் மூச்சு விடுகிற கணத்தில் வெட்டுகிறாள் என்று மட்டும் தெரிந்தது.

அந்த ஆனி மாதம் அவளுக்கு ஒரு பெரிய வேலை வந்தது. மளிகை மொத்த வியாபாரம் செய்கிற அண்ணாச்சி ஒருவருடைய மகள் கல்யாணம். காலையில் தென்காசியில் முகூர்த்தம், மாலையில் குற்றாலத்தில் ஒரு மண்டபத்தில் வரவேற்பு. அண்ணாச்சிக்கு ஓர் ஆசை: காலையில் நடந்த கல்யாணம் அன்று மாலையே பெரிய திரையில் ஓட வேண்டும். "முடியுமா தாயி?" என்று கேட்டார். உலகு "முடியும்" என்றாள். அவள் வாயை மூடுவதற்குள் அண்ணாச்சி அச்சகத்துக்குப் போய்விட்டார். பத்திரிகையில் வரவேற்புக்குக் கீழே கொட்டை எழுத்தில், 'இரவு 7 மணிக்கு: இன்று காலை நடைபெற்ற திருமணம், திரையில்' என்று போட்டுவிட்டார். நடப்பதற்கு ஒரு மாதம் முன்னாலேயே 'நடைபெற்ற' என்று அச்சான கல்யாணம் அது ஒன்றாகத்தான் இருக்கும்.

விஷயம் ஊரில் பரவியது. அனுபவஸ்தர்களான இரண்டு ஸ்டுடியோக்காரர்கள், "ஒரே நாள்லயா? பிள்ளை பேரக் கெடுத்துக்கிடப் போகுது" என்று டீக்கடையில் பேசியதை ஜெபா கேட்டுவிட்டு வந்து சொன்னாள். உலகு எழுந்து பசை எடுத்துவந்தாள். பத்திரிகையைக் கம்ப்யூட்டருக்கு மேலே சுவரில் ஒட்டினாள். இந்தப் படம் ஏழு மணிக்கு ஓடினால் அவளுக்கு ஒரு பெயர். ஓடாவிட்டால் அதற்கும் ஒரு பெயர். இரண்டாவது பெயர் அழியவே அழியாது.

கம்ப்யூட்டரும் அதற்காகவே வாங்கியது. பெரிய வேலை பார்க்கும்போது அதன் மூளைப்பகுதி கொதிக்குமாம். அதைத் தணிக்க உள்ளே இரண்டு குழாய்களில் தண்ணீர் சுற்றிக்கொண்டிருக்கும். தண்ணீரைத் தள்ள ஒரு குட்டிப் பம்பு. பம்புக்கும் காற்றாடிக்கும் விளக்குக்கும் கரண்டைப் பிரித்துக் கொடுக்கச் சோப்பு டப்பா அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. அதற்குக் கன்ட்ரோலர் என்று பெயர். பக்கவாட்டில் கண்ணாடி. பட்டாளத்தில் சுபேதாராக இருந்து ஓய்வுபெற்ற என் மாமனார், அடுத்த தெருவிலிருந்து வந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அதைச் சுற்றி வந்து பார்த்தார்.

"கம்ப்யூட்டருக்குள்ள தண்ணியா மாப்ள?"

"ஆமா மாமா."

"சரிதான். லாரியும் தண்ணி குடிக்கத்தான செய்யுது" என்று அனுமதி கொடுத்துவிட்டுப் போனார்.

எல்லாம் சரியாக இருந்தது. அதுதான் என் பிரச்சினை. அந்தக் கண்ணாடிக்குள் ஒரே ஒரு நீல விளக்கு மட்டும் தேமே என்று எரிந்துகொண்டிருந்தது. குற்றாலத்துக்கு இத்தனை பக்கத்தில் குடியிருந்துகொண்டு, தண்ணீர் ஓடுகிற ஒரு பெட்டிக்கு ஒற்றை விளக்கா? எனக்குத் தன்மானம் பொங்கியது. ஐந்து எல்இடி பட்டைகளை மேலிருந்து கீழாகத் தொங்கவிட்டால் அப்படியே ஐந்தருவி! உலகு வேலை செய்கிற மேஜையில் ஓர் ஐந்தருவி!

யோசனையைச் சொன்னேன்.

"கல்யாணம் முடியட்டும். பொறவு என்னமும் செய்யுங்க. இப்ப அதுல கை வைக்காதீய" என்றாள்.

இதைவிடத் தெளிவாகத் தமிழில் ஒரு வாக்கியம் சொல்ல முடியாது. ஆனால் கணவன்மாரின் காதில் ஒரு வடிகட்டி உண்டு. அதன் வழியாக அந்த வாக்கியம் உள்ளே போய், 'அவளுக்குத் தெரியாமல் செய்து ஆச்சரியப்படுத்து' என்று வெளியே வந்தது.

கல்யாணத்துக்கு முந்தின நாள் சனிக்கிழமை. உலகுவும் ஜெபாவும் பெண் வீட்டுச் சடங்குகளைப் படம் பிடிக்கப் போயிருந்தார்கள். எனக்குப் பள்ளிக்கூடம் லீவு. காலை பத்து மணிக்குக் கண்ணாடியைக் கழற்றினேன்.

கன்ட்ரோலரில் விளக்கு சொருகுவதற்கு இருந்தது ஒரே ஒரு வாய். அதனால் என்ன? கோயில் கொடை விழாவுக்குச் சீரியல் விளக்கு கட்டுகிறவர்களைச் சின்ன வயதிலிருந்து பார்த்து வளர்ந்தவன் நான். ஒரு வீட்டு பிளக்கிலிருந்து கொக்கி போட்டு, முக்கு வரைக்கும் ஒரு தெருவையே மினுக்குவார்கள். ஒரு பிளக்கில் ஒரு தெரு எரியும்போது ஒரு பெட்டியில் ஐந்து பட்டை எரியாதா? ஒன்றை ஐந்தாகப் பிரிக்கிற ஒயர் ஒன்றை ஏற்கெனவே வாங்கி என் பாடப்புத்தகங்களுக்கு அடியில் ஒளித்துவைத்திருந்தேன். (மின்னோட்டவியல் பாடப்புத்தகத்துக்கு அடியில். எல்லாம் நேரம்தான்.)

கன்ட்ரோலரோடு ஒரு வழிகாட்டித் தாளும் வந்திருந்தது. அதில் ஆறு மொழிகளில் ஏதோ எச்சரித்திருந்தார்கள். தமிழைச் சேர்க்காத கோபத்தில் நான் அதைப் படிக்கவில்லை. மேஜையில் பசை சிந்தாமல் இருக்கப் பசைத் துப்பாக்கிக்கு அடியில் விரித்துக்கொண்டேன்.

பசை எதற்கு என்றால், சொருகின ஒயர் கழன்றுவிடக் கூடாதே என்று. வாயைச் சுற்றிச் சுடச்சுடப் பசையைப் பீய்ச்சி, இனி யாராலும் பிடுங்க முடியாது என்கிற அளவுக்குக் கெட்டியாக்கினேன். அடுத்து ஒயர்கள். ஐந்து விளக்கு ஒயர்கள், ஒரு பம்பு ஒயர், எல்லாமே கறுப்பு. கசகசவென்று தொங்கினால் உலகுவுக்குப் பிடிக்காது. எனவே ஆறையும் இரண்டிரண்டாகச் சேர்த்து மூன்று கால் எடுத்து, கல்யாணப் பெண்ணுக்குப் பின்னுகிற மாதிரி நெருக்கமாகச் சடை பின்னி, நுனியில் கறுப்பு டேப்பைக் குஞ்சம் மாதிரி சுற்றினேன். அந்தச் சடையைப் பார்த்து நானே கொஞ்சம் உணர்ச்சிவசப்பட்டேன்.

கடைசியாக நிறம். கன்ட்ரோலருக்கான செயலியில், சூட்டுக்குத் தக்கபடி நிறம் மாறுகிற வசதி இருந்தது. கம்ப்யூட்டர் சும்மா இருந்தால் நீலம். வேலை ஏற ஏற வெளிர் நீலம். முழு வேகத்தில் ஓடும்போது சுத்தமான வெள்ளை. அருவியில் தண்ணீர் கொட்டும்போது வெள்ளையாகத்தானே இருக்கும்? இந்த இடத்தில் என்னுடைய கற்பனை வளத்தை நானே மெச்சிக்கொண்டதாக ஞாபகம்.

போட்டுப் பார்த்தேன். ஐந்து நீலக் கோடுகள் கண்ணாடிக்குள் இறங்கின. பொய் சொல்லக் கூடாது, அழகாக இருந்தது.

சாயங்காலம் உலகு வந்தாள். வாசலிலேயே நின்று பார்த்தாள்.

"நாளைக்கு என்ன நாளுன்னு தெரியும்லா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

அவள் கிட்டே வந்து, குனிந்து, கொஞ்ச நேரம் அந்த நீலத்தையே பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டுவிட்டு அன்றைக்கு நான் இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன்.

மறுநாள் முகூர்த்தம் முடிந்து, பன்னிரண்டரை மணிக்கு ஜெபாவும் உலகுவும் சாரலில் நனைந்தபடி ஸ்கூட்டரில் வந்து இறங்கினார்கள். கேமரா கார்டுகளை மூன்று பிளாஸ்டிக் கவருக்குள் சுற்றி ஜெபா மடிக்குள் வைத்திருந்தாள். உலகு ஈரத் தலையோடு உட்கார்ந்தாள். சாப்பாடு வேண்டாம் என்றாள். அந்த இரண்டே முக்கால் மணி நேரம் அவள் வேலை செய்ததை நான் கதவோரம் நின்று பார்த்தேன். கல்யாண வீட்டு இரைச்சல் முழுக்க அவள் காதுக்குள் ஓடிக்கொண்டிருந்தது; வெளியே மவுஸ் சத்தம் மட்டும். ஒரு இடத்தில் மட்டும் தானாகச் சிரித்தாள். ஒரு இடத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மூணேகாலுக்கு நிமிர்ந்தாள்.

"முடிஞ்சுட்டு. இனி இத ஒத்தப் படமாச் சேத்து எடுக்கணும். அம்பது நிமிஷம். நாலேகாலுக்கெல்லாம் கையில இருக்கும்."

பொத்தானை அழுத்தினாள். கம்ப்யூட்டர் மூச்சை இழுத்துப் பிடித்து வேலையில் இறங்கியது. நீலம் வெளிறியது. வெளிறி வெளிறி, ஐந்து பட்டையும் பளீரென்று வெள்ளையாயின. முன்னறைச் சுவரெல்லாம் வெளிச்சம்.

"மாமா, இங்கன வாங்க! அருவி விழுது பாருங்க!" என்று கூப்பிட்டேன். மகளின் வெற்றியைப் பார்க்க வந்து உட்கார்ந்திருந்த மாமனார் எழுந்து வந்தார். அவர் வந்து நிற்கவும் விளக்குகள் பட்டென்று அணைந்தன. ஒரு நிமிஷத்தில் கம்ப்யூட்டரும் அணைந்தது.

"அருவி எங்க மாப்ள?" என்றார் மாமனார்.

அடுத்த முக்கால் மணி நேரத்தில் நான் சொன்ன காரணங்களை வரிசையாக எழுதினால் ஒரு கைடு போடலாம். முதலில் வோல்டேஜ் என்றேன். மாமனார் போய் மின்விசிறி, டிவி, மிக்சி எல்லாவற்றையும் போட்டுப் பார்த்துவிட்டு, "வோல்டேஜ் ஜம்முனு இருக்கு" என்று அறிக்கை கொடுத்தார். உலகு மறுபடி ஆரம்பித்தாள். நீலம், வெளிர் நீலம், வெள்ளை, இருட்டு. சாரல் காற்றில் ஈரப்பதம் அதிகம், அதுதான் என்றேன். ஜன்னலைச் சாத்தினோம். வெக்கைதான் கூடியது. பிறகு நான் டேபிள் ஃபேனைக் கொண்டுவந்து கம்ப்யூட்டருக்கு நேரே வைத்தேன். ஃபிரிட்ஜிலிருந்து ஐஸ் கட்டிகளை ஒரு கவரில் போட்டு அதன் தலையில் வைத்தேன், காய்ச்சல்காரப் பிள்ளைக்கு வைக்கிற மாதிரி.

"அத எடுங்க" என்றாள் உலகு. குரலை உயர்த்தவில்லை. எடுத்துவிட்டேன்.

"ஏட்டி உலகு, வேற யார்ட்டயாவது கம்ப்யூட்டர் கேப்பமா?" என்றாள் ஜெபா.

"இம்புட்டையும் அதுல ஏத்தி எடுக்க இனி நேரமில்ல. ஒருக்க சும்மா இருங்க, எல்லாரும்."

மூன்றாவது தடவை பொத்தானை அழுத்தினாள். இந்தத் தடவை திரையைப் பார்க்கவில்லை. தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றி, தண்ணீர்க் குழாய் மேல் ஒரு விரலை வைத்தாள். நர்ஸ் நாடி பார்ப்பது போல. கண் விளக்குகள் மேல் இருந்தது.

"துடிக்குது" என்றாள். "தண்ணி ஓடுது." நீலம் வெளிறியது. "இப்பவும் ஓடுது." வெள்ளையானது. கொஞ்ச நேரத்தில் பட்டென்று அணைந்தது.

"நின்னுட்டு" என்றாள். "லைட்டு அணைஞ்சதும் பம்பும் நின்னுட்டு. கம்ப்யூட்டர் இன்னும் ஓடுது பாருங்க. தண்ணி இல்லாம இனி சூடாவி அணையும்." சொல்லி முடிக்கவும் அணைந்தது.

அவள் என் பக்கம் திரும்பினாள். "ஏங்க, நேத்து நீலமா எரிஞ்சப்ப சாயங்காலம் பூரா ஒண்ணும் ஆகலயே. வெள்ளையானாத்தான சாவுது. வெள்ளைன்னா உள்ள எத்தன கலர் எரியும்?"

எனக்குள் இருந்த வாத்தியார் உடனே எழுந்து நின்றுவிட்டார். "சிவப்பு, பச்சை, நீலம் மூணும் சேந்து எரிஞ்சாத்தான் வெள்ளை" என்றேன், கம்பீரமாக.

"அப்ப நீலத்துக்கு இழுக்குதத விட வெள்ளைக்கு மூணு பங்கு கரண்டு இழுக்கும்லா?"

நான் குனிந்து பட்டைகளை எண்ண ஆரம்பித்தேன்.

"அதும் ஒரு பட்டைக்கு. நீங்க அஞ்சு பட்டைய ஒரே வாயில சொருகியிருக்கீய. பம்பும் அதே பெட்டியில. தாங்க முடியாம பெட்டி தன்னையே அணைச்சுக்கிடுது. சரியா?"

சரி. நூற்றுக்கு நூறு. விடைத்தாளில் எழுதியிருந்தால் முழு மதிப்பெண் போட்டு 'மிக நன்று' என்று எழுதியிருப்பேன். அவள் படித்தது வணிகவியல்.

மாமனார் மெதுவாகக் கேட்டார். "மாப்ள, நீங்க பள்ளிக்கூடத்துல என்ன பாடம் எடுக்கீய?"

"பிசிக்ஸ் மாமா."

"ம்" என்றார். எங்கள் கல்யாணத்துக்கு முன்னால் இதை இன்னும் கொஞ்சம் விசாரித்திருக்கலாமோ என்கிற 'ம்' அது.

நிறத்தை மாற்றிவிடலாம் என்று உலகு செயலியைத் திறந்தாள். மூன்று தடவை அடி வாங்கியதில், கன்ட்ரோலரையே காணவில்லை என்று செயலி கைவிரித்துவிட்டது. விளக்குகள் இப்போது யார் பேச்சையும் கேட்காமல், போட்ட உடனேயே வெள்ளையாய் எரிந்தன. ஒயரைப் பிடுங்கலாமா? பசை. என் கைவேலை மீது எனக்கு இருந்த நம்பிக்கை வீண்போகவில்லை. ஜெபா இழுத்துப் பார்த்தாள், அசையவில்லை. மேலும் இழுத்தால் பெட்டியே பெயர்ந்துவிடும். பெட்டி போனால் பம்பு போச்சு.

மணி நாலரை.

நான் வீரமாகப் போய் கட்டிங் பிளேயரோடு வந்தேன். "இந்தப் பின்னல ஒரே வெட்டா வெட்டிருதேன்."

"அத கீழ வைங்க" என்றாள் உலகு. "பின்னலுக்குள்ள பம்பு ஒயரும் கெடக்கு. அதயும் சேத்து வெட்டவா? எது பம்பு ஒயரு?"

எனக்குத் தெரியவில்லை. ஆறும் கறுப்பு.

அவள் சுவர் பிளக்கைப் பிடுங்கிவிட்டு வந்து உட்கார்ந்தாள். பம்பு இருக்கிற முனையில் ஒரு ஒயரைப் பிடித்தாள். தலைப் பின்னலை அவிழ்க்கிற மாதிரி, பார்க்காமலே விரலால், ஒவ்வொரு முடிச்சாகத் தளர்த்திக்கொண்டு வந்தாள். நான் ஒரு மணி நேரம் செலவழித்துப் பின்னின சடை. பிரித்த ஒயர் மறுபடி சுருண்டு ஒன்றோடொன்று கலந்துவிடாமல் ஆள் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஜெபா டார்ச் அடித்தாள். மாமனாருக்குக் கை லேசாக நடுங்கும். மிச்சம் நான்.

"இது ஒண்ணாவது லைட்டு. வலது கையில பிடிங்க. விட்ராதீய." பிடித்தேன். "இது ரெண்டு. அதே கையில, வேற வெரல்ல." பிடித்தேன். மூன்றும் நாலும் இடது கைக்குப் போயின. ஐந்தாவது ஒயரை இடது கைச் சுண்டுவிரலில் ஒரு சுற்றுச் சுற்றினாள். கடைசியாக ஒன்று அவள் கையில் மிஞ்சியது. அதன் மறுமுனை பம்பு என்பதை இன்னொரு தடவை தடவி உறுதி செய்துகொண்டாள்.

"இதுதான். இது தனியா இருக்கணும். கையில இடம் இருக்கா?"

"இல்ல."

"வாயத் தொறங்க."

திறந்தேன்.

"பல்லு படாம, உதட்டால பிடிங்க. அம்புட்டுப் பேரோட மானமும் இதுலதான் இருக்கு."

கம்ப்யூட்டருக்கு முன்னால் முழங்காலிட்டு, இரண்டு கைகளையும் விரித்து, விரலுக்கு ஒரு ஒயராக, வாயில் பம்பு ஒயரோடு நான் இருந்த அந்தக் கோலத்தில்தான் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. யாரும் போன் எடுக்காததால் பயந்துபோய், குற்றாலத்துக்குப் போகிற வழியில் அண்ணாச்சி நேரிலேயே வந்துவிட்டார். பட்டு வேட்டி, சந்தனம், கழுத்தில் காலையில் போட்ட மாலையின் ஒரு இதழ். படியேறி வந்தவர் என்னைப் பார்த்து அப்படியே நின்றார்.

"சார்வாள்... என்ன இது?"

"ம்ம்ம்" என்றேன்.

அண்ணாச்சியின் முகம் வெளுத்தது. பார்வை சுவரில் ஒட்டியிருந்த பத்திரிகைக்குப் போனது. 'இரவு 7 மணிக்கு'. அங்கிருந்து உலகுவுக்கு வந்தது. "தாயி, வீட்டு ஆளுக அம்புட்டுப் பேர்ட்டயும் சொல்லியாச்சு. சம்பந்தகாரரு திருவனந்தபுரத்துல இருந்து ஆபீசரையெல்லாம் கூட்டிட்டு வாராரு. படம்...?"

உலகு திரும்பவில்லை. சின்னக் கத்தரியை எடுத்து, என் வலது கையிலிருந்த முதல் ஒயரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "ஏழு மணிக்கு ஓடும் அண்ணாச்சி. நீங்க போயி வாசல்ல நின்னு வாறவங்கள வாங்கன்னு கேளுங்க."

"ஓடும்லா?"

"ஓடும்னு சொன்னம்லா." கத்தரி 'டக்' என்றது. ஓர் அருவி குறைந்தது.

அண்ணாச்சி என்னை இன்னொரு தடவை மேலிருந்து கீழ் வரை பார்த்தார். "சார்வாளப் பாத்தாப் பயமா இருக்கு. ஒன்னப் பாத்தாத் தைரியமா இருக்கு. நான் ஒன்னயே பாத்துட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அப்போது இன்னொரு 'க்ளிக்' சத்தமும் கேட்டது. ஜெபா. டார்ச் பிடித்திருந்த அதே போனில் என்னைப் படம் எடுத்துவிட்டாள். வாயில் ஒயர் இருந்ததால் என்னால் ஆட்சேபிக்க முடியவில்லை.

நாலு ஒயரை வெட்டி, நுனிகளில் டேப் சுற்றி, ஐந்தாவதை மட்டும் விட்டுவைத்தாள். "எல்லாத்தயும் வெட்டிரு" என்று மாமனார் சொன்னார். "ஒண்ணு தாங்கும்பா. அவரு ஆசையாச் செஞ்சது" என்றாள். அத்தனை பதற்றத்திலும் அதைச் சொல்ல அவளுக்குத் தோன்றியது. நான் வாயில் ஒயரோடு இருந்ததால் கண் கலங்கினதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஐந்து மணிக்கு நாலாவது தடவை பொத்தானை அழுத்தினாள். ஒற்றைப் பட்டை வெள்ளையாய் எரிந்தது. அவள் விரல் குழாய் மேலே. ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம். "துடிக்குது." இருபது நிமிஷம். "துடிக்குது." ஐம்பது நிமிஷமும் விரலை எடுக்கவில்லை. ஜெபா அவள் வாயில் இரண்டு பிஸ்கட்டைத் திணித்தாள். மாமனார் கடிகாரத்தைக் கையில் கழற்றி வைத்துக்கொண்டு நின்றார். நான் மூச்சு விடாமல் நின்றேன். மூச்சு விட்டால் அதற்கும் அந்தப் பெட்டிதான் கரண்ட் கொடுக்க வேண்டும் என்பது போல.

ஐந்து ஐம்பத்திரண்டுக்குப் படம் முழுசாக வந்தது. பென் டிரைவில் ஏற்றி, ஜெபாவின் ஸ்கூட்டரில் இரண்டு பேரும் பறந்தார்கள். சீசன் ஞாயிற்றுக்கிழமை, குற்றாலம் சாலையில் வேன்களுக்கு இடையில் எறும்பு போக முடியாது. ஏழு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது மண்டபத்துக்குள் நுழைந்ததாகச் சொன்னார்கள். நானும் மாமனாரும் பஸ்ஸில் நின்று, பாதி வழியில் இறங்கி நடந்து போய்ச் சேர்ந்தபோது விளக்கை அணைத்திருந்தார்கள்.

திரையில் காலை வந்தது. கோபுரத்துக்குப் பின்னால் சாரல் மேகம். நாதஸ்வரம். "ஏ, நான்லா!" "எக்கா, ஒன்னயப் பாரு!" என்று மண்டபம் முழுக்கச் சத்தம். தாலி கட்டுகிற இடம் வந்ததும் சத்தம் அடங்கியது. காலையில் கூட்டத்துக்குப் பின்னால் எங்கோ நின்ற அண்ணாச்சி, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு மகளைப் பார்த்ததை ஜெபா எடுத்திருந்தாள். உலகு அந்த முகத்தில் படத்தை மூன்று விநாடி நிறுத்தியிருந்தாள். மூன்றே விநாடி. முன்வரிசையில் நிஜ அண்ணாச்சி அதே போலத் துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். கடைசி வரிசையில் சுவரோரம் உலகு நின்றுகொண்டிருந்தாள். விரலில் பசை, தலையில் ஒயர்த் துணுக்கு. என் வாழ்க்கையில் அவ்வளவு அழகான ஒருத்தியை நான் பார்த்ததில்லை. அவள் பக்கத்தில் போய் நிற்கக் கொஞ்சம் தயக்கமாக இருந்தது.

இத்தோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அண்ணாச்சி மேடையேறி மைக்கைப் பிடித்தார்.

"இந்தப் படத்த எடுத்த பிள்ளைகளுக்குக் கை தட்டுங்க. சாயங்காலம் நான் அவங்க வீட்டுக்குப் போனேன். சார்வாளு முட்டிங்கால் போட்டுக்கிட்டு, கையெல்லாம் ஒயரு, வாயிலயும் ஒரு ஒயரு. ஜெபா சொல்லுதா, கெடுத்தது சார்வாளாம். சரி பண்ணுனது பிள்ளையாம். அவருதான் பிசிக்ஸ் வாத்தியாரு!"

மண்டபம் சிரிப்பில் வெடித்தது. உலகு தலையில் கை வைத்துக்கொண்டாள். நான் தூண் மறைவுக்குப் போகலாம் என்று திரும்பினேன். தூணுக்கு அந்தப் பக்கம், பெண் வீட்டு அழைப்பில் வந்திருந்த எங்கள் தலைமை ஆசிரியர் கையில் ஐஸ்கிரீம் கப்போடு நின்றுகொண்டிருந்தார்.

"சார்," என்றார் மிகுந்த மரியாதையோடு, "மின்னோட்டப் பாடம் முடிச்சாச்சா?"

"முடிச்சாச்சு சார்."

"இன்னொரு தடவ நடத்திருங்க. பிள்ளைகளுக்கு இல்ல."

அந்த ஆனிக்குப் பிறகு உலகுவுக்கு வேலை குவிந்தது. டீக்கடையில் பேசின ஸ்டுடியோக்காரர்களில் ஒருவர் தன் தங்கை கல்யாணத்துக்கு அவளிடமே வந்து கேட்டார். இன்று அந்த முன்னறைக்கு வருகிறவர்கள் முதலில் பார்ப்பது, ஜெபா எடுத்துப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு மாட்டிய அந்தப் போட்டோவைத்தான். "யாரு இது?" என்று கேட்பார்கள். ஜெபா முழுக் கதையையும் சொல்வாள். ஒவ்வொரு தடவையும் ஒரு ஒயர் கூடிக்கொண்டே போகிறது. போன வாரம் பதினொன்றைத் தாண்டிவிட்டது.

குடும்பத்தில் எனக்கு இப்போது நிரந்தர உத்தியோகம் உண்டு. எந்த வீட்டில் எது ரிப்பேர் ஆனாலும் உலகுவைக் கூப்பிடுவார்கள். நான் கூடவே போவேன், பிடிப்பதற்கு. போன மாதம் மாமனார் வீட்டில் மோட்டார் சுவிட்ச் போய்விட்டது. உலகு ஸ்டூலில் ஏறி மூடியைக் கழற்றினாள். உள்ளே நாலைந்து ஒயர்கள் துருத்திக்கொண்டு வந்தன. மாமனார் மெயினை அணைத்துவிட்டு வந்து, முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல், சுபேதார் குரலில் சொன்னார்:

"மாப்ள, வாயத் தொறங்க."